பாலர் ஆசிரியையின் பயிற்சிச் செலவு

சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்க முன்வரும் பெண்களுக்கு இலவசப் பயிற்சி என்றால், கட்டணம் வாங்காமல் பாடம் சொல்லுவது என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்திலேயே காலங்கழித்த நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பாதி உண்மையே என்பதை எனக்கு உணர்த்தியது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பாலர் கல்வி வரலாறு. அதனை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1873ஆம் ஆண்டில் செயிண்ட் லூயிஸ் நகரத்தில் சூசன் புளோ என்னும் பெண்மணி, நகரக் கல்வி அதிகாரியாயிருந்த வில்லியம் ஹாரிஸின் ஆதரவோடு ஒரு கிண்டர்கார்ட்டனைத் தொடங்கினார். ஜெர்மானிய அறிஞர் பிரோபெல் வகுத்த முறையில், அரசாங்கப் பள்ளிக்குள்ளேயே நடந்த பாலர் வகுப்பு அது. அடுத்த ஆண்டே ஆசிரியைகளுக்கான பயிற்சிப் பள்ளியும் ஏற்பட்டது. பயில வந்த பெண்கள் குழந்தைகளோடு வேலை செய்வார்கள்; மற்ற நேரத்தில் பாடம் கேட்பார்கள். வேலைக்கு ஊதியம் இல்லை. புளோ அம்மையாரும் தம் உழைப்புக்கு ஊதியம் பெறவில்லை. அவர் செல்வர் வீட்டுப் பெண். ஏட்டளவில் இது மிக மலிவான கல்விதான். ஆனால் மாதக்கணக்கில் ஒரு காசும் சம்பாதிக்காமல் காலங்கழிக்க எந்த வீட்டுப் பெண்ணால் முடியும்? துணி வெளுத்தும் பாத்திரம் துலக்கியும் பிழைத்த தாய்மார்களின் குழந்தைகள் அவ்வகுப்புகளில் அமர்ந்தார்கள். அத்தாய்மார்கள் ஆசிரியைகளாக வருவதற்கு வழி இருக்கவில்லை.

இங்கே என் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோது கட்டிய கட்டணம் சொற்பம். அதை என் தந்தையார் ஒரு பொருட்டாகவே கருதவில்லை. அவர் கவலைப்பட்டது வேறொன்றுக்கு. இரண்டு ஆண்டுகள் வயலில் ஓர் ஆள் குறையுமே, அந்தக் கூலியை யாருக்குக் கொடுப்பது, எங்கிருந்து கொடுப்பது என்பதே அவர் கணக்கு. பயிற்சியின் உண்மையான விலை எதுவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் அப்போது தெரியவில்லை.

அமெரிக்காவில் அந்த விலையை முதன்முதலாக அரசாங்கம் பெரிய அளவில் ஏற்றுக்கொண்டது 1933இல், பொருளாதார மந்தத்தின்போது. ரூஸ்வெல்ட் ஆட்சியில் ஏழைக் குழந்தைகளுக்கென்று அவசர கால நர்ஸரிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. வேலையிழந்த ஆசிரியர்கள் அவற்றில் அமர்த்தப்பட்டு, குறுகிய காலப் பயிற்சியும் நிவாரண ஊதியமும் பெற்றார்கள். குழந்தைக்கு உணவு, ஆசிரியருக்கு வேலை என்னும் இரட்டை நோக்கம். போர் வந்தது, நிவாரணத் திட்டம் முடிந்தது, அப்பள்ளிகளும் அதனோடு மறைந்தன.

பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் சொல்லத்தக்க மாறுதல் குறைவு. 1965 மே 18இல் ஜனாதிபதி ஜான்ஸன் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் ‘ஹெட் ஸ்டார்ட்’ என்னும் திட்டத்தை அறிவித்தார். வறுமையில் வாடும் குழந்தைகளுக்குப் பள்ளி செல்லுமுன் கல்வி, உணவு, மருத்துவம் ஆகிய மூன்றையும் ஒருங்கே அளிப்பது அதன் நோக்கம். அந்தக் கோடையிலேயே ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் சேர்ந்துவிட்டனர். குழந்தைகள் வந்துவிட்டார்கள்; ஆசிரியர்கள் எங்கே? பாலர் கல்வியில் தேர்ந்தவர்கள் அத்தனை பேர் நாட்டில் இல்லை. ஆகவே பல்கலைக்கழகங்களில் ஆறு நாள் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். ஆறு நாளில் ஓர் ஆசிரியர் உருவாவாரா என்று கேட்டால், தலைமையாசிரியனாயிருந்த என்னால் ‘ஆம்’ என்று சொல்ல இயலாது. ஆயினும் அவசரத்தில் திறந்த அந்தக் கதவின் வழியே எவர் எவர் உள்ளே வந்தார்கள் என்பதுதான் கவனிக்கவேண்டியது.

மிசிசிப்பி மாநிலத்தைப் பாருங்கள். அங்கே மாநிலச் செலவில் நடைபெறும் கிண்டர்கார்ட்டன் அப்போது கிடையாது. 1982இல்தான் அதற்குச் சட்டம் வந்தது. பருத்திக் காட்டில் களை கொத்தும் கறுப்பினப் பெண்ணுக்கு அன்றைய கூலி நாளொன்றுக்கு மூன்று டாலர் அளவில் இருந்தது. அம்மாநிலத்தில் ‘மிசிசிப்பிக் குழந்தை வளர்ச்சிக் குழு’ என்னும் அமைப்பு ஹெட் ஸ்டார்ட் நிதியைப் பெற்று, 80க்கு மேற்பட்ட மையங்களில் சுமார் 6,000 குழந்தைகளைச் சேர்த்தது. மையங்கள் நடந்த இடங்கள் பெரும்பாலும் மாதா கோயில்களும் ஊர்ப் பொதுக் கட்டடங்களும். ஆசிரியைகளாக அமர்ந்தவர்களோ அந்தந்த ஊர்த் தாய்மார்களே. பலர் உயர்நிலைப் பள்ளியைக் கண்டதில்லை. வாக்குரிமை கேட்டதற்காக வேலையை இழந்தவர்களும் அவர்களிடையே இருந்தனர். வெள்ளை முதலாளியின் தயவில்லாமல் கிடைத்த முதல் மாதச் சம்பளம் பலருக்கு அதுவே. குழந்தைகளோடு பழகிக்கொண்டே அவர்கள் கற்றார்கள்.

இதனை மாநிலத்தின் செல்வாக்குடையோர் பொறுப்பார்களா? செனட்டர் ஜான் ஸ்டென்னிஸ் கணக்கு வழக்குகளைக் காட்டிக் கடுமையாகத் தாக்கினார். 1966இல் அக்குழுவின் நிதி நிறுத்தப்பட்டது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் பிறகு குறைந்த அளவில் மீண்டும் வழங்கப்பட்டது. கணக்கில் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் ‘படிக்காதவர்கள் எப்படி ஆசிரியர் ஆகலாம்’ என்ற கேள்வி அவ்விவாதத்தின் அடியில் ஓடிக்கொண்டேயிருந்தது. அந்தக் கேள்வியை வெறும் துவேஷம் என்று ஒதுக்கிவிடவும் நான் விரும்பவில்லை. ஏழைக் குழந்தைக்கு மட்டும் பயிற்சியில்லாத ஆசிரியர் போதும் என்பதும் ஓர் அநீதியல்லவா? அப்பெண்களை வெளியேற்றாமலே அவர்களைப் பயிற்றுவிப்பது எவ்வாறு என்பதே உண்மையான சிக்கல்.

1967இல் ஹெட் ஸ்டார்ட் ஊழியர்கள் வேலையை விடாமலே கல்லூரிப் பாடங்களைப் பயில்வதற்குத் துணைப் பயிற்சித் திட்டம் ஒன்று வந்தது. பட்டம் பெறும் வரையில் அவ்வழியே செல்வதென்றால் ஆண்டுகள் பல ஆகும். அடுத்த அடியை எடுத்துவைத்தவர் யேல் பல்கலைக்கழக உளநூல் அறிஞர் எட்வர்டு ஜிக்ளர். மத்திய அரசின் குழந்தை வளர்ச்சி அலுவலகத்திற்குத் தலைவரான அவர், 1971இல் ஒரு புதிய சான்றிதழைப் பற்றிப் பேசினார். ‘சைல்ட் டெவலப்மெண்ட் அசோசியேட்’ என்பது அதன் பெயர், சுருக்கமாக சி.டி.ஏ. என்பார்கள். எத்தனை ஆண்டு படித்தாய் என்று கேட்பதை விட்டு, குழந்தைகளிடையே உன்னால் என்ன செய்ய முடிகிறது என்று பார்க்கும் சான்றிதழ் அது. 1972இல் இதற்கென ஒரு கூட்டமைப்பு ஏற்பட்டது. 1975இல் முதற் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன.

தொடக்க காலத்து மதிப்பீட்டு முறையை வாசித்தபோது நான் வியந்துபோனேன். தீர்ப்புச் சொல்ல அமர்ந்தவர்கள் நால்வர்: பயிற்சியளித்தவர், பெற்றோர் சார்பில் ஒருவர், கூட்டமைப்பின் பிரதிநிதி, நான்காவதாகத் தேர்வுக்கு வந்த அந்தப் பெண்ணே! எத்தனையோ முறை ஆய்வாளர் முன் கைகட்டி நின்றிருக்கிறேன். என்னைப் பற்றிய முடிவில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டென்று எவரும் சொன்னதில்லை.

மத்திய அரசின் உதவி இருந்தவரையில் மதிப்பீட்டுக் கட்டணம் பெரிய பாரமாக இல்லை. 1980களில் அவ்வுதவி சுருங்கியது, கட்டணம் ஏறியது. ஏழைகளுக்கென்று செய்த சான்றிதழை ஏழைகள் வாங்க இயலாத நிலை. குறைந்த வருமானமுடைய விண்ணப்பதாரர்களின் கட்டணத்திற்காக மாநிலங்களுக்கு மானியம் கொடுக்கத் தனிச் சட்டமே தேவைப்பட்டது. கட்டணம் இன்றும் சில நூறு டாலர். அதற்கு மேல் 120 மணி நேர வகுப்பு, 480 மணி நேரக் குழந்தைப் பணி, எழுத்துத் தேர்வு, வகுப்பறைப் பார்வை எல்லாம் உண்டு.

இந்த நிலையில்தான் பழைய பாடம் மீண்டும் நினைவுக்கு வந்தது போலும். 1989இல் மேற்கு வர்ஜீனியா மாநிலம் குழந்தைக் காப்பகப் பணியைத் தச்சர், கொல்லர் தொழில்களைப் போலவே பதிவுபெற்ற தொழிற்பழகுநர் பயிற்சியாக்கியது. பகலில் சம்பளத்தோடு வேலை, மாலையில் வகுப்பு. அதே ஆண்டில் இராணுவக் குடும்பங்களின் காப்பகங்களுக்கென வந்த சட்டம், ஊழியர் முடிக்கும் பயிற்சியோடு அவர் ஊதிய உயர்வைப் பிணைத்தது. பயிற்சி அளிக்க வல்லுநர் ஒருவர் காப்பகத்திலேயே இருக்கவேண்டும் என்றும் விதித்தது.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, 1990இல் வட கரோலினாவில் தொடங்கிய ‘டீச்’ என்னும் உபகாரச் சம்பளத் திட்டம். படிப்புச் செலவின் பெரும்பங்கை நிதி ஏற்கும். ஒரு பங்கை வேலை கொடுத்தவர் ஏற்பார். மிகச் சிறு பங்கு மட்டும் பயில்பவருடையது. புத்தகத்திற்கும் போக்குவரவுக்கும் உதவி உண்டு. பாடங்களை முடித்தால் ஊதிய உயர்வோ ஊக்கத் தொகையோ கிடைக்கும். அதற்கு ஈடாக அவர் குறிப்பிட்ட காலம் அதே காப்பகத்தில் பணியாற்றவேண்டும். பயிற்சி பெற்றவுடன் ஆசிரியை வேறு வேலைக்குப் போய்விடுவாரே என்னும் முதலாளியின் அச்சத்திற்கும் விடை இதிலேயே இருக்கிறது. பின்னர் வேறு பல மாநிலங்களும் இதனை மேற்கொண்டன.

ஹெட் ஸ்டார்ட்டிலும் தகுதி விதிகள் ஏறிக்கொண்டே வந்தன. ஆசிரியர்களுள் பாதிப் பேரேனும் இளங்கலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் 2013ஐக் கெடுவாக வைத்தது. துணை ஆசிரியைக்குக் கேட்டது சி.டி.ஏ. சான்றிதழை. அதுவும் கையில் இல்லையென்றால், வேலையில் அமர்ந்தபடியே பயிற்சியில் சேர்ந்து, இரண்டு ஆண்டுகளுக்குள் முடித்துக்கொள்ளலாம் என்று அச்சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது.