சௌகரியத்தின் கணக்கு

பிரயாணத்தின் சரித்திரத்தைக் கட்டணப் பட்டியலாக எழுதிவிடுவது சுலபம். மாட்டு வண்டி, ரயில், பஸ், கார் என்று வரிசைப்படுத்தி, நேரம் குறைந்தது, சௌகரியம் கூடியது என்று முடித்துவிடலாம். ஒருவனுடைய ஓய்வுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது இந்தக் கணக்கில் விட்டுப்போகிறது. கொங்குச் சமவெளியிலிருந்து நீலகிரிக்குப் போகும் வழி இதற்கு நல்ல சாட்சி.

1819ல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். 1820களின் தொடக்கத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை போடப்பட்டது. ஊட்டியில் அவருடைய கல் பங்களா எழுந்தது. வெயிலுக்குப் பயந்து மேலே போன துரைகளையும் துரைசானிகளையும் பல்லக்கிலும் தூளியிலும் வைத்துச் சுமந்தார்கள். ஓய்வுக்காகவே ஓர் ஊருக்குப் போவது என்ற வழக்கம் இந்த மலைக்கு மனிதத் தோள் மீதேறித்தான் வந்து சேர்ந்தது.

கொங்குக் குடியானவனும் பிரயாணம் அறியாதவனல்ல. பழனிக்குக் காவடியோடு நடந்தான். கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தான். கட்டுச்சோறும் கால்வலியும் அவன் கொடுத்த விலை. அதை அவனே கொடுத்தான். ஆனால் வீட்டைவிட்டுக் கிளம்ப அவனுக்கு நேர்த்திக்கடன் என்றொரு முகாந்திரம் வேண்டியிருந்தது. சும்மா போய்வருவது அவன் அகராதியில் இல்லை.

1873ல் ரயில் மேட்டுப்பாளையம் வந்தது. 1899ல் குன்னூரையும் 1908ல் ஊட்டியையும் மலைரயில் எட்டியது. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில், பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பல்வரிசையைக் கவ்வி ஏறியது. சுமை தோளிலிருந்து இயந்திரத்துக்கு மாறியது. வகுப்பு பிரித்தாலும், டிக்கெட் வாங்கியவன் ஏறலாம் என்றானது சாதாரண விஷயமல்ல. பின்னால் வந்த பஸ், அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய் மலையேறுவதை ஒரு பகல் காரியமாக்கிவிட்டது.

இங்கேதான் கட்டணப் பட்டியல் பொய் சொல்லத் தொடங்குகிறது. வங்கிச் சிப்பந்திக்குச் சம்பளத்தோடு லீவு, எல்.எஃப்.சி. என்று பிரயாணச் செலவும் உண்டு. போக மனமில்லாவிட்டால் அதைப் பணமாக மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. கருமத்தம்பட்டி, சோமனூர்ப் பக்கத்து விசைத்தறித் தொழிலாளிக்கு நெய்த மீட்டருக்குத்தான் கூலி. அவன் ஊட்டிக்குப் போகும் நாளில் தறி நிற்கிறது. இருவரும் ஏறுவது ஒரே பஸ். கண்டக்டர் கிழித்துக் கொடுப்பதும் ஒரே விலை டிக்கெட். ஒருவனுக்குச் செலவு அந்த டிக்கெட்டோடு முடிகிறது. மற்றவன் ஒரு நாள் கூலியையும் சேர்த்துக் கொடுக்கிறான். அந்த இரண்டாவது தொகை எந்த டிக்கெட்டிலும் அச்சாவதில்லை.

இன்னொரு தலைகீழ் மாற்றமும் நடந்திருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். மலைரயில் ஏற ஐந்து மணி நேரத்தை ஒட்டி எடுத்துக்கொள்கிறது. சாலையில் சீக்கிரம் போய்விடலாம். இருந்தும் முன்பதிவு செய்து அந்த மெதுவை வாங்குகிறார்கள். 2005ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. குடியானவனுக்கு வேறு வழியில்லாமல் வாய்த்த நிதானம் இப்போது வசதியுள்ளவனின் ஆடம்பரம்.

கார்கள் பெருகியபின் சுமை மலையின் மேலேயே விழுந்தது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. 2025ல் வெளியூர் வாகனங்களுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள். பல்லக்குத் தூக்கியவர்களின் தோளுக்கு அப்படி எந்த வரம்பையும் யாரும் விதித்ததாகத் தெரியவில்லை. பிரயாணத்தை எழுதுகிறவர்கள் பார்த்ததை எழுதுகிறார்கள். சுமந்தவர்களையும், போகாமல் தறியடியில் நின்றவனையும் சேர்த்து எழுதினால்தான் இது சரித்திரமாகும்.