ஸ்ரீமுஷ்ணம்

ஸ்ரீமுஷ்ணம் (திருமுட்டம் எனவும் அழைக்கப்படும்) இந்தியாவின் தமிழ்நாடு மாநிலத்தில், கடலூர் மாவட்டத்தின் தென்மேற்குப் பகுதியில் அமைந்துள்ள ஒரு பேரூராட்சி ஆகும். இது இதே பெயருடைய வட்டத்தின் தலைமையிடமும் ஆகும். வைணவர்கள் போற்றும் பூவராகசுவாமி கோயில் இவ்வூரின் அடையாளமாக விளங்குகிறது. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாச்சலம் இங்கிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ளது. தொடருந்து, கல்லூரி, பெரிய சந்தை ஆகியவற்றிற்கு ஸ்ரீமுஷ்ணம் மக்கள் பெரும்பாலும் அந்நகரையே சார்ந்துள்ளனர். ஊரைப் பற்றிய பொதுச் செய்திகளுடன், இங்குக் குடியேற எண்ணுவோர் அறிந்திருக்க வேண்டிய செய்திகளும் இக்கட்டுரையில் தொகுக்கப்பட்டுள்ளன.

பெயர்க்காரணம்

வடமொழியில் 'முஷ்' என்னும் வேர்ச்சொல் களவாடுதலைக் குறிக்கும். இரணியாட்சன் என்னும் அசுரன் பூமியைக் கவர்ந்து சென்றான் என்றும், திருமால் பன்றி உருவெடுத்து அதனை மீட்டார் என்றும் புராணம் கூறுகிறது. இக்கதையுடன் ஊர்ப்பெயர் தொடர்புபடுத்தப்படுகிறது. அரசு ஆவணங்களில் ஸ்ரீமுஷ்ணம், திருமுட்டம் ஆகிய இரு பெயர்களும் காணப்படுகின்றன. எனவே பழைய பத்திரங்களைத் தேடுவோர் இரு பெயர்களிலும் தேடிப் பார்ப்பது நலம்.

அமைவிடம்

ஸ்ரீமுஷ்ணம் வெள்ளாற்றுப் படுகையில் அமைந்துள்ளது. விருத்தாச்சலத்தின் வழியே வரும் மணிமுத்தாறு, இவ்வூருக்கு அருகிலுள்ள கூடலையாற்றூரில் வெள்ளாற்றுடன் கலக்கிறது. ஊரின் தெற்கே சிறிது தொலைவிலேயே அரியலூர் மாவட்ட எல்லை வந்துவிடுகிறது. அம்மாவட்டத்தின் ஆண்டிமடம், ஸ்ரீமுஷ்ணத்திற்கு மிக அண்மையிலுள்ள ஊர்களுள் ஒன்றாகும். கிழக்கே சேத்தியாத்தோப்பும் வீராணம் ஏரியும், தென்கிழக்கே காட்டுமன்னார்கோயிலும் உள்ளன. சிதம்பரம் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலும், மாவட்டத் தலைநகரான கடலூர் ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலும் உள்ளன.

கிழக்கே ஆற்றுப் பாசனமுள்ள நெல் வயல்களும், மேற்கிலும் தெற்கிலும் முந்திரிக்கும் நிலக்கடலைக்கும் ஏற்ற செம்மண் மேட்டு நிலங்களும் காணப்படுகின்றன. இவ்விரு வகை நிலங்களும் சந்திக்கும் இடத்தில் ஊர் அமைந்திருப்பதால், ஒரே ஊரின் இரு பக்கங்களில் மண்ணின் தன்மையும் நிலத்தடி நீரும் வேறுபடக் கூடும்.

வரலாறு

இப்பகுதி சோழர் காலத்தில் சிறப்புற்றிருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் (10-ஆம் நூற்றாண்டு) வெட்டப்பட்ட வீராணம் ஏரியும், முதலாம் இராசேந்திரனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரமும் இதன் அண்மையில் உள்ளன. பூவராகசுவாமி கோயிலின் சிற்ப மண்டபங்கள் தஞ்சை நாயக்கர் காலத்தைச் சேர்ந்தவை.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் விடுதலைக்குப் பின்னரும் ஸ்ரீமுஷ்ணம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று அம்மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது இவ்வூர் கடலூர் மாவட்டத்தில் அமைந்தது. நெடுங்காலம் காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் இருந்த ஸ்ரீமுஷ்ணம், பின்னர் தனி வட்டமாக்கப்பட்டது. வருவாய்ச் சான்றிதழ், பட்டா மாறுதல் போன்ற பணிகளுக்குக் காட்டுமன்னார்கோயில் வரை செல்ல வேண்டிய நிலை இதனால் நீங்கியது.

பூவராகசுவாமி கோயில்

திருமால் தானே தோன்றியதாகக் கருதப்படும் எட்டுத் தலங்களுள் ஸ்ரீமுஷ்ணமும் ஒன்று. ஸ்ரீரங்கம், திருமலை, வானமாமலை, சாளக்கிராமம், நைமிசாரண்யம், புஷ்கரம், பத்ரிநாத் ஆகியவை ஏனைய ஏழு தலங்கள் ஆகும். இத்தகைய சிறப்பு இருந்தும், ஆழ்வார்களின் பாசுரம் பெறாமையால் இது 108 திவ்ய தேசங்களில் இடம்பெறவில்லை.

மூலவர் சிறிய உருவினர். உடல் மேற்கு நோக்கியும் முகம் தெற்கு நோக்கியும் அமைந்திருக்க, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி நிற்கிறார். தாயார் அம்புஜவல்லி என்றும், திருக்குளம் நித்ய புஷ்கரணி என்றும் அழைக்கப்படுகின்றனர். தலமரம் அரசு. கோயிலின் புருஷசூக்த மண்டபத் தூண்கள் நுணுக்கமான சிற்ப வேலைப்பாட்டிற்குப் பெயர்பெற்றவை. வராகத்திற்கு உகந்ததாகக் கருதப்படும் கோரைக்கிழங்கைக் கொண்டு செய்யப்படும் பிரசாதம் இக்கோயிலுக்கே உரியது. மத்வ மரபினரும் இங்குப் பெருமளவில் வருகின்றனர். ஊரில் நித்தீசுவரர் கோயில் என்னும் சிவன் கோயிலும் உள்ளது.

மாசி மகத்தையொட்டிப் பூவராகர் ஊர்வலமாகப் புறப்பட்டு, வங்கக் கடலோரத்திலுள்ள கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்காகச் செல்வது வழக்கம். கிள்ளை அருகே இசுலாமியர்கள் சுவாமியை வரவேற்று மரியாதை செய்கின்றனர். பல தலைமுறைகளாகத் தொடரும் இவ்வழக்கம் இப்பகுதியின் சமய நல்லிணக்கத்திற்குச் சான்றாகக் கூறப்படுகிறது.

விருத்தாச்சலத்துடனான தொடர்பு

விருத்தாச்சலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். சுந்தரர் திருமுதுகுன்றத்திற்குச் செல்லும்போது, வேதியர் உருவில் வந்த இறைவனிடம் வழி கேட்டதாகவும், அவர் இது கூடலையாற்றூருக்குச் செல்லும் வழி எனக் கூறி மறைந்ததாகவும் பெரிய புராணம் குறிப்பிடுகிறது. ஆகவே இவ்விரு ஊர்ப் பகுதிகளுக்கும் இடையிலான வழி மிகப் பழைமையானது எனலாம்.

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி விருத்தாச்சலம் நகராட்சியில் ஏறத்தாழ 73,000 பேர் வசித்தனர். இது ஒரு முக்கிய தொடருந்துச் சந்திப்பாகும். விழுப்புரம்-திருச்சிராப்பள்ளி குறுக்குப் பாதை 1920-களின் இறுதியில் திறக்கப்பட்டது. இங்கிருந்து சேலத்திற்கும், நெய்வேலி வழியாகக் கடலூர் துறைமுகத்திற்கும் கிளைப் பாதைகள் பிரிகின்றன. சென்னை எழும்பூரிலிருந்து தொடருந்துத் தொலைவு சுமார் 210 கி.மீ. ஆகும்.

விருத்தாச்சலத்தில் அரசு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் பீங்கான் தொழிற்பேட்டையும் உள்ளன. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள அடுக்குகளில் வெண்களிமண் கிடைப்பது இத்தொழிலுக்குத் துணையானது. பொம்மைகள், அகல் விளக்குகள், மின் காப்புப் பொருட்கள் முதலியன சிறு கூடங்களில் செய்யப்படுகின்றன. வீடுகளில் பீங்கான் ப்யூஸ் கட்டைகளின் இடத்தைத் தானியங்கி மின்துண்டிப்பிகள் பிடித்துக்கொண்டமையால், அப்பொருளுக்கான தேவை குறைந்துள்ளது.

விருத்தாச்சலத்தைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை நீண்ட காலமாக உள்ளது. ஆயினும் அரசியல் பிரிவில் ஸ்ரீமுஷ்ணம் புவனகிரி சட்டமன்றத் தொகுதியையும் சிதம்பரம் மக்களவைத் தொகுதியையும் சார்ந்தது. அன்றாட வாழ்வு ஒரு நகரையும், அரசியல் பிரதிநிதித்துவம் வேறு நகரையும் சார்ந்திருப்பது இவ்வூரின் ஒரு தன்மையாகும்.

பொருளாதாரம்

வேளாண்மையே முதன்மைத் தொழில். நெல், கரும்பு, நிலக்கடலை, முந்திரி ஆகியன முக்கியப் பயிர்கள். சேத்தியாத்தோப்பில் எம். ஆர். கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. விருத்தாச்சலத்திலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்னும் முன்னெழுத்துடன் நிலக்கடலை, முந்திரி இரகங்களை வெளியிட்டுள்ளது. கோயிலைச் சார்ந்த சிறு வணிகமும் பலருக்கு வருவாய் தருகிறது. ஊரில் பெருந்தொழிற்சாலைகள் இன்மையால், மாத ஊதிய வேலை தேடுவோர் விருத்தாச்சலம், நெய்வேலி, சிதம்பரம் ஆகிய இடங்களுக்குச் சென்று வருகின்றனர்.

போக்குவரத்து, கல்வி, மருத்துவம்

ஸ்ரீமுஷ்ணத்தில் தொடருந்து நிலையம் இல்லை. விருத்தாச்சலம், சிதம்பரம் ஆகியனவே பயன்படும் நிலையங்கள். விருத்தாச்சலம், சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில், ஆண்டிமடம் வழியாகச் செயங்கொண்டம் ஆகிய திசைகளில் சாலைகள் செல்கின்றன. நாள்தோறும் வேலைக்குச் சென்று வர எண்ணுவோர், கடைசிப் பேருந்து புறப்படும் நேரத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இரவில் விருத்தாச்சலத்தில் வந்து சேரும் தொடருந்துக்கு இணையான பேருந்து கிடைக்காவிட்டால், எஞ்சிய 20 கி.மீ. தொலைவே பயணத்தின் கடினமான பகுதியாகிவிடும்.

உயர்கல்விக்கு விருத்தாச்சலத்தில் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியும், சிதம்பரத்தில் 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் உள்ளன. அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்த மருத்துவக் கல்லூரி 2021-இல் மாநில அரசின் நலவாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாகச் செயல்படுகிறது. அரியலூரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. உயர் சிகிச்சைக்குப் பிற ஊர்களுக்கே செல்ல வேண்டியிருப்பதால், முதியவர்களுடன் குடியேறுவோர் இத்தொலைவைக் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

நீரும் வானிலையும்

மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றினால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அக்காலத்தில் வெள்ளாற்றிலும் மணிமுத்தாற்றிலும் வெள்ளம் வருவதுண்டு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், மாவட்டத்தின் முந்திரி, பலாத் தோப்புகளைப் பெருமளவில் அழித்தது. மனையொன்றைக் கோடையில் மட்டும் பார்த்துவிட்டு வாங்குவதைத் தவிர்த்து, கார்த்திகை மாதத்தில் அங்கு நீர் நிற்கிறதா என்பதையும் பார்ப்பது இன்றியமையாதது.

வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் கொண்டு செல்லப்படுகிறது. நெய்வேலிப் பகுதியில் நிலக்கரி அடுக்கிற்குக் கீழே அழுத்தமுடைய ஊற்றுநீர் அடுக்கு உள்ளது. சுரங்கம் வெட்டுவதற்கு இந்நீரைத் தொடர்ந்து இறைத்து வெளியேற்ற வேண்டியுள்ளது. ஆகையால் நிலத்தடி நீர் மட்டம் இவ்வட்டாரத்தில் எப்போதும் பேசப்படும் ஒன்றாக உள்ளது. குடியேறுவோர் அண்டை வீட்டாரின் ஆழ்துளைக் கிணற்றின் ஆழம், நீரின் சுவை, பேரூராட்சிக் குடிநீர் வரும் நேரம் ஆகியவற்றைக் கேட்டறிவது வழக்கம்.

சுரங்கமும் நிலமும்

இவ்வட்டாரத்தில் நிலம் வாங்குவோர் பழுப்பு நிலக்கரி பற்றியும் அறிந்திருத்தல் வேண்டும். செயங்கொண்டம் பகுதியில் நிலக்கரித் திட்டத்திற்காக 1990-களில் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. அத்திட்டம் தொடங்கப்படாமலேயே கைவிடப்பட்டது. அதுவரை உரிமையாளர்கள் நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ இயலாத நிலை நீடித்தது. 2023 சூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்திற்கான கால்வாய் வெட்டும் பணியின்போது நெற்பயிர்கள் அழிக்கப்பட்டது பெரும் எதிர்ப்பை எழுப்பியது. கடலூர் மாவட்டத்தின் காவிரிப் படுகை ஒன்றியங்கள், 2020-ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஒரு குறிப்பிட்ட ஊர் அச்சட்டத்தின் எல்லைக்குள் வருகிறதா என்பதை ஒன்றியத்தின் பெயரைக் கொண்டு அறியலாம்.

வீடும் மனையும்

தமிழ்நாட்டின் கோயில் ஊர்களில் வீடு வாங்குவோர் முதலில் அறிய வேண்டியது, மனை யாருக்கு உரியது என்பதாகும். பல கோயில் ஊர்களில் வீடு ஒருவருக்கும், அது நிற்கும் அடிமனை கோயிலுக்கும் உரியதாக இருப்பதுண்டு. அவ்வாறான வீட்டை வாங்குபவர் கட்டடத்தை மட்டுமே பெறுகிறார். மனைக்குக் கோயிலுக்கு வாடகை செலுத்த வேண்டும். இந்து சமய அறநிலையச் சட்டம், 1959-இன் 34-ஆம் பிரிவின்படி, கோயில் நிலத்தை விற்பதற்கு ஆணையரின் ஒப்புதல் தேவை. கோயில் நிலங்களின் ஆவணங்களை அறநிலையத் துறை 2021 முதல் தன் இணையத்தளத்தில் வெளியிட்டு வருகிறது.

வாங்குமுன் பின்வருவனவற்றைச் சரிபார்ப்பது நல்லது:

- பட்டாவும் புல எண்ணும்: பத்திரத்திலுள்ள புல எண் வருவாய்த் துறைப் பதிவேட்டுடன் ஒத்திருக்க வேண்டும். நத்தம், புறம்போக்கு, கோயில் மனை ஆகியவற்றின் வேறுபாட்டை அறிதல் வேண்டும்.
- வில்லங்கச் சான்று: முந்தைய விற்பனை, அடமானம் முதலியன இதில் தெரியும். பதிவு செய்யப்படாத உடன்படிக்கைகள் இதில் வாரா.
- மனைப்பிரிவு அனுமதி: அனுமதியற்ற மனைகளின் பத்திரப் பதிவிற்கு 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2017-இல் வரன்முறை விதிகள் வெளியிடப்பட்டன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளே அவ்விதிகளுக்கு உட்பட்டவை.
- நீர்நிலை: ஏரி, குளம், வாய்க்கால் நிலங்களில் கட்டப்பட்ட வீடுகள், எத்தனை ஆண்டுகள் வரி செலுத்தியிருந்தாலும் அகற்றப்படக் கூடும். வீட்டு வரி இரசீது உரிமைச் சான்று ஆகாது.

முதலில் வாடகைக்குக் குடியிருந்து ஊரை அறிந்த பின் வாங்குவோரும் உளர். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். மாறான உடன்பாடு இல்லாவிடில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறுதல் கூடாது. ஓராண்டு வாடகைக்கு இருப்பவர், கோடையின் நீர்த் தட்டுப்பாடு, ஐப்பசி மழை, மாசித் திருவிழாக் கூட்டம் ஆகிய மூன்றையும் நேரில் கண்டுவிடுவார். வாங்கத் தகுந்த இடம் எது என்பதை முடிவு செய்ய அது போதுமானது.

அருகிலுள்ள இடங்கள்

- கூடலையாற்றூர்: சுந்தரர் பாடிய சிவத்தலம், இரு ஆறுகள் கூடுமிடம்.
- விருத்தாச்சலம்: விருத்தகிரீசுவரர் கோயில்.
- மணவாளநல்லூர்: கொளஞ்சியப்பர் கோயில். மக்கள் தம் குறைகளைத் தாளில் எழுதிப் 'பிராது' கட்டும் வழக்கம் இங்குள்ளது.
- காட்டுமன்னார்கோயில்: வைணவ ஆசாரியர் நாதமுனிகள் பிறந்த ஊர்.
- கங்கைகொண்ட சோழபுரம்: 2004 முதல் உலக மரபுச் சின்னம்.

இவற்றையும் பார்க்க

- விருத்தாச்சலம்
- கடலூர் மாவட்டம்
- வீராணம் ஏரி
- வெள்ளாறு
- நெய்வேலி