தகப்பன் பெயரும் தாயின் மடியும்: ஜொகூரில் இரு சட்டங்கள்

2020 பிப்ரவரி 13ஆம் தேதி மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் ஒரு ஜொகூர்ச் சிறுவனின் பெயர் குறித்துத் தீர்ப்புச் சொன்னது. பெற்றோர் முஸ்லிம்கள், முறைப்படி மணந்தவர்கள். ஆனால் நிக்காஹ் முடிந்து ஆறு சந்திர மாதம் நிறைவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பிறப்புப் பத்திரத்தில் தந்தைக்குரிய கட்டத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. பிள்ளையின் பெயருக்குப் பின்னாலோ அப்பா பெயருக்குப் பதில் ‘பின் அப்துல்லா’. போதாததற்கு, இது மணவாழ்வுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்கான, பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்கீழ் வந்த விண்ணப்பம் என்ற குறிப்பும் பத்திரத்தில் ஏறியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தத் தாளை நீட்டினாலே பிள்ளையின் கதை தெரிந்துவிடும்.

ஜொகூரின் 2003ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டம் தந்தைவழியை அந்த ஆறு மாதக் கணக்கை வைத்தே நிர்ணயிக்கிறது. நான்குக்கு மூன்று என்று பிரிந்த நீதிபதிகளில் பெரும்பான்மையினர், ‘அப்துல்லா’வைப் பதிவிலாகா தானாகச் சேர்த்தது தவறு, நீக்க வேண்டும் என்றார்கள். அதே மூச்சில், மலாய்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் தந்தை பெயரைச் சேர்க்க உதவும் 13ஏ பிரிவும் அவர்களுக்குப் பொருந்தாது என்றார்கள். தகப்பன் நான்தான் என்று ஒருவர் வழக்காடி நிற்கும்போது, பிள்ளைக்கு அந்தப் பெயரை மறுப்பதில் யாருக்கு என்ன நன்மை என்று எனக்குப் புரியவில்லை.

இதே ஜொகூரில் மணமாகாத இந்துத் தமிழ் ஜோடிக்குப் பிள்ளை பிறந்தால் நிலைமை வேறு. 1957ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இவர்களுக்கும் அதேதான். தாயும், தந்தை என்று ஒப்புக்கொள்பவரும் சேர்ந்து கேட்டால்தான் தந்தையின் பெயர் பதிவாகும். அவர் வராமல் நழுவினால் அந்தக் கட்டத்தில் ‘தகவல் கிடைக்கவில்லை’ என்று விழும். வந்து ஒப்புக்கொண்டால் பிள்ளை அவர் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளலாம். நம் பெயர்களிலும் குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயர்தான் உண்டு என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வாசலும் இவர்களுக்குத் திறந்திருக்கிறது. பெற்றோர் பிற்பாடு திருமணத்தைப் பதிந்துகொண்டால், 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளை அந்த நாள் முதல் சட்டபூர்வப் பிள்ளை ஆகிவிடும். அந்தச் சட்டம் முஸ்லிம்களுக்குச் செல்லாது. அவர்களுக்கு நாள்கணக்கு பிறப்போடு முடிந்துவிடுகிறது.

ஆனால் நம்மவர்கள் அந்த வாசல்வரை போவதே இல்லை. “கோவில்ல தாலி கட்டியாச்சு, இன்னும் என்ன ரிஜிஸ்டர்?” என்பார்கள். 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கி நாற்பது வருடம் தாண்டிவிட்டது. தாலியைப் பதிவிலாகா ஏற்பதில்லை, சான்றிதழைத்தான் கேட்கிறது.

பிள்ளை யாரிடம் வளர்வது என்பதில் இரண்டு சட்டங்களும் ஒரே பக்கம் சாய்கின்றன. ஷரியாவில் மணவாழ்வுக்கு வெளியே பிறந்த பிள்ளை தாய்க்கும் தாயின் உறவுக்கும் உரியது. சிவில் நீதிமன்றங்களிலும் தாயின் உரிமையே மேல். பெற்றோர் இருவருக்கும் சம உரிமை தரும் பாதுகாவலர் சட்டம் மணமாகாதவர்களின் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று 1993இல் உயர் நீதிமன்றம் சொன்னது. பத்திரத்தில் பெயர் ஏறிவிட்டதால் பிள்ளை தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருக்கும் தகப்பன்மார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செலவில் மறுபடியும் பாதை பிரிகிறது. 1950ஆம் ஆண்டு ஜீவனாம்சச் சட்டப்படி இந்துத் தாய் மணக்காத தகப்பனிடமிருந்தும் மாதப்பணம் கேட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். தகப்பன் நானில்லை என்று அவர் மறுத்தால் மரபணுச் சோதனைக்குக் கட்டாயப்படுத்த முடியுமா என்பதில் நீதிபதிகள் ஒருமித்துப் பேசியதில்லை. ஷரியாவிலோ, வன்புணர்வால் பிறந்ததைத் தவிர, அந்தப் பிள்ளையைப் பராமரிக்கும் கடமையே தாயின் தலையில். இருவர் சேர்ந்து உண்டாக்கிய பிள்ளைக்கு ஒருத்தி மட்டும் பால்மாவு வாங்க வேண்டும் என்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.

பதிவில்லாமல் வாழும் தகப்பன், தினமும் சிங்கப்பூர்ப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போய்வருபவர், ஒருநாள் விபத்தில் இறந்தால்? உயில் இல்லாத சொத்தைப் பிரிக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிள்ளை என்றால் சட்டபூர்வப் பிள்ளைதான். ஊழியர் சேமநிதியில் அவர் பிள்ளையை வாரிசாக நியமித்திருந்தால் அந்தப் பணமாவது பிள்ளைக்குச் சேரும். முஸ்லிம் உறுப்பினரின் நியமனதாரரோ பணத்தை வாங்கிப் பங்கிட்டுக் கொடுப்பவர் மட்டுமே.

திருமணப் பதிவுக்கு முன் 21 நாள் அறிவிப்புப் பலகையில் பெயர் இருக்க வேண்டும். ஏழு மாத வயிற்றோடு இருக்கும் பெண்ணும் அவளோடு இருப்பவரும் இந்த வாரமே பதிவிலாகாவுக்குப் போனால் பிரசவத்துக்கு முன் சான்றிதழ் கையில் இருக்கும்.