மேற்கு மாம்பலத்தின் வாடகை வீடுகள்

மேற்கு மாம்பலம், சென்னையில் மாம்பலம் ரயில் நிலையத்துக்கு மேற்கே அமைந்துள்ள குடியிருப்புப் பகுதி. தண்டவாளத்தின் கிழக்கே தியாகராய நகர் உள்ளது. மாதச் சம்பளக் குடும்பங்கள் வாடகைக்குக் குடியேறிய இடமாகவும், வாடகையை முதுமைக்கால வருமானமாகக் கொண்ட சிறு உரிமையாளர்களின் இடமாகவும் இப்பகுதி வளர்ந்தது. வாடகைக்கு விடுவதற்காக வீட்டில் பணம் போடுவது எப்போது பலன் தந்தது, எப்போது தரவில்லை என்பதை இதன் வரலாறு காட்டுகிறது.

ஏரியும் ரயிலும்

நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டை வரை ஒரு காலத்தில் நீண்ட ஏரி இருந்தது. சென்னை நகரமைப்புச் சட்டம் 1920இல் வந்த பின், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் இந்த ஏரியின் ஒரு பகுதி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் அமைக்கப்பட்டது. கட்சியின் தலைவர்களில் ஒருவரான பிட்டி தியாகராயரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பனகல் பூங்காவை நடுவில் கொண்டு அகன்ற சாலைகளுடன் கிழக்குப் பகுதி திட்டமிடப்பட்டது. மேற்குப் பகுதி பழைய கிராமத்தையும் குறுகிய தெருக்களையும் ஒட்டி மெல்லப் பெருகியது. மறைந்த ஏரியின் நினைவு இன்று லேக் வியூ ரோடு என்ற பெயரில் உள்ளது.

1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. எழும்பூர், கோட்டை, பாரிமுனை ஆகிய இடங்களில் வேலை பார்த்தவர்கள் மாம்பலத்திலிருந்து தினமும் போய்வர முடிந்தது. நிலையத்துக்கு நடந்து செல்லும் தூரத்தில், தியாகராய நகரைவிடக் குறைந்த வாடகையில் கிடைத்த வீடு குமாஸ்தாக்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஏற்றதாக இருந்தது. கொசுத் தொல்லைக்குப் பேர்போன இடமாக இருந்தும் குடிவருவோர் குறையவில்லை.

ஒண்டுக்குடித்தனம்

அக்கால வாடகை வீட்டின் பொதுவான வடிவம் ஒண்டுக்குடித்தனம். ஒரே மனையில் உரிமையாளர் முன்கட்டில் இருப்பார். பின்கட்டும் மாடியும் 'போர்ஷன்'களாகப் பிரித்து விடப்படும். ஓர் அறையும் சமையலறையும் கொண்ட போர்ஷனில் ஒரு குடும்பம் வாழும். கிணறு, துவைக்கும் கல், கழிப்பறை, மொட்டை மாடி ஆகியவை எல்லோருக்கும் பொது. தண்ணீர் பிடிக்கும் முறை, இரவில் வாசல் கதவைச் சாத்தும் நேரம், மின்சாரத்துக்கான தனிக் கணக்கு ஆகியவற்றை வீட்டுக்காரரே முடிவு செய்வார்.

குடியிருந்தவர்களுக்கு இதில் தனிமையும் வசதியும் குறைவு. உரிமையாளருக்கோ இது பாதுகாப்பான ஏற்பாடு. நான்கு போர்ஷன்களில் ஒன்று காலியானாலும் மூன்றின் வாடகை வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் அங்கேயே வசித்ததால் பழுதுகள் உடனே கண்ணில் பட்டன. நிலம் மலிவாக இருந்தபோது கட்டிய வீடு என்பதால், போட்ட பணத்தோடு ஒப்பிட வாடகையும் கணிசமாக இருந்தது. ஓய்வூதியம் இல்லாத தனியார் ஊழியர்களுக்கும் கணவரை இழந்த பெண்களுக்கும் இந்த வாடகையே ஜீவனமாக அமைந்தது.

வாடகைக் கட்டுப்பாடு

போர்க்காலத்தில் வாடகையைக் கட்டுப்படுத்தும் வழக்கம் உலகின் பல நகரங்களில் தோன்றியது. 1915இல் கிளாஸ்கோ நகரில் நடந்த வாடகை மறுப்புப் போராட்டத்தை அடுத்து பிரிட்டன் அதற்குச் சட்டம் இயற்றியது. பம்பாயில் 1918இல் வந்தது. சென்னையில் இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பானியத் தாக்குதல் குறித்த அச்சத்தால் மக்கள் பெருமளவில் நகரைவிட்டு வெளியேறினர். அவர்கள் திரும்பி, போரும் முடிந்தபின் வீட்டுத் தட்டுப்பாடு தொடர்ந்தது. 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன.

1960ஆம் ஆண்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேல் நடைமுறையில் இருந்தது. சட்டம் குறிப்பிட்ட காரணமின்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. வாடகை பாக்கி, சொந்தக் குடியிருப்புத் தேவை, இடித்துக் கட்டுதல் முதலியவை அந்தக் காரணங்கள். 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குடியிருப்புக் கட்டடத்தின் நியாய வாடகை மனை மதிப்பும் கட்டுமானச் செலவும் சேர்ந்த மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடு என்ற அடிப்படையில் கணக்கிடப்பட்டது. சென்னையில் இவ்வழக்குகள் சிறுவழக்கு நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டன.

இச்சட்டத்தால் பள்ளி செல்லும் பிள்ளைகளுடைய வாடகைக் குடும்பத்துக்கு ஊன்றி வாழும் உறுதி கிடைத்தது. மறுபுறம், பழைய வாடகையை உயர்த்தவும் வீட்டைத் திரும்பப் பெறவும் உரிமையாளர் ஆண்டுக்கணக்கில் வழக்காட நேர்ந்தது. வாடகையை மட்டும் நம்பியிருந்த முதியவருக்கு விலைவாசி ஏறிய வேகத்தில் வருமானம் ஏறவில்லை. பழுது பார்க்க மனமும் பணமும் இல்லாத வீடுகள் சிதைந்தன.

அடுக்குமாடிக் காலம்

1980களிலிருந்து தனி வீடுகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறத் தொடங்கின. மனையை உரிமையாளர் தர, கட்டுநர் தம் செலவில் கட்டி, சில வீடுகளை அவருக்குக் கொடுத்து மற்றவற்றை விற்பது பரவலான முறை. ஒண்டுக்குடித்தனங்கள் மறைந்தன. அவற்றில் குறைந்த வாடகைக்கு இருந்தவர்கள் பலர் புறநகர்களுக்குப் போயினர்.

இம்மாற்றம் முதலீட்டின் தன்மையையும் மாற்றியது. அடுக்குமாடியில் வீடு வாங்குபவர் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கையே பெறுகிறார். 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் ஆறு சம அளவு வீடுகள் இருந்தால் ஒருவரின் பங்கு 400 சதுர அடி. கட்டடம் பழசாகப் பழசாக அதன் மதிப்பு குறையும். நிலத்தின் மதிப்பே நிற்கும். எனவே பத்திரத்தில் இப்பங்கு எவ்வளவு என்று பார்ப்பது முக்கியம். 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தின. இடித்துக் கட்டும்போது கூடுதல் பரப்பு கிடைக்கும் என்பதால், பழைய குடியிருப்புகளின் நிலப் பங்குக்கு மதிப்பு கூடியது.

புதிய சட்டம்

2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தல் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வாடகையை இரு தரப்பும் பேசி முடிவு செய்யலாம். பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் சென்னை வழக்கத்துக்கு மாறாக, சட்டம் முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்ற அளவைக் குறிப்பிட்டது. வாய்மொழியையும் பதினொரு மாதத் தாளையும் நம்பி விடப்படும் வீட்டில் தகராறு வந்தால் உரிமையாளரின் நிலையே முதலில் பலவீனப்படுகிறது.

இன்றைய கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு மாத வாடகை 25,000 ரூபாய் என்றால் ஆண்டு வருமானம் 3 லட்சம், அதாவது 3 விழுக்காடு. வீடு ஒரு மாதம் காலியாக இருந்து, சொத்து வரிக்கும் வெள்ளையடிக்கவும் பழுதுக்கும் 40,000 ரூபாய் செலவானால் கையில் நிற்பது 2,35,000 ரூபாய். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இக்கணக்கில் சேரவில்லை. வீட்டுக் கடனின் வட்டி விகிதம் இதைவிட மிக அதிகம் என்பதால், வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று எண்ணிக் கடன் வாங்குவோர் மாதாமாதம் கைப்பணத்தைச் சேர்க்க நேர்கிறது. ஒண்டுக்குடித்தனம் போலன்றி, ஒரே வீடு காலியானால் வருமானம் முழுவதும் நின்றுவிடும்.

இப்பகுதியில் வீடு பார்ப்பவர் நல்ல மழைநாளில் ஒருமுறை தெருவைப் பார்ப்பது பயன் தரும். மழைக்காலத்தில் சுரங்கப்பாதைகளில் நீர் தேங்கினால் கிழக்கே செல்லும் வழி தடைபடும். கோடையில் கிணற்று நீரின் அளவையும் தண்ணீர் லாரிச் செலவையும் குடியிருப்போரிடம் கேட்டறியலாம். 2023 மே மாதம் திறக்கப்பட்ட, ரயில் நிலையத்தைத் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்துடன் இணைக்கும் நடைமேம்பாலம் போன்ற வசதிகள் வாடகைக்கு வருவோரை ஈர்க்கும். 'சைவ உணவுக்காரர்களுக்கு மட்டும்' என்ற பலகை இங்கு நெடுங்காலமாகக் காணப்படுவது. அது பலருக்கு வீட்டை மறுக்கிறது. வீடு காலியாக இருக்கும் காலத்தையும் அதுவே நீட்டுகிறது.

மேற்கு மாம்பலத்தில் வாடகையால் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் நிலத்தை மலிவாக வாங்கியவர்கள். அவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்த செல்வம், வாடகையைவிட நிலவிலை ஏற்றத்தால் வந்தது. இன்றைய விலையில் வாங்குபவருக்கு அந்த ஏற்றம் உறுதியல்ல. விலை ஏறாவிட்டாலும் கிடைக்கும் வாடகை தமக்குப் போதுமா என்ற கேள்விக்கு அவர் முதலில் விடை காண வேண்டியுள்ளது.