வில்லனைத் தேடி

கதை எழுதுகிறவன் புத்தி, விபத்தைப் பற்றிப் படித்தாலும் ஒரு வில்லனைத்தான் தேடும். 1988 ஜூலை 6-ஆம் தேதி, ஸ்காட்லாந்துக்கு அப்பால் வட கடலில் 'பைப்பர் ஆல்ஃபா' என்ற எண்ணெய் மேடை தீப்பற்றி 167 பேர் மாண்டார்கள். அங்கேயும் தேடினேன்.

பகலில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றி, வெறும் தகட்டால் மூடியிருந்தார்கள். இரவு ஷிப்டுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. மற்றப் பம்பு நின்றதும் இதை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. அண்டை மேடைகளோ எண்ணெயை அனுப்பிக்கொண்டே இருந்தன!

1990-ல் வெளிவந்த கல்லன் பிரபுவின் அறிக்கை ஓர் ஆளோடு நிற்கவில்லை. அனுமதிச் சீட்டு, பயிற்சி, நிர்வாகத்தின் அசட்டை என்று முழு ஏற்பாட்டையும் சோதித்து, 106 பரிந்துரைகள் செய்தது. ஆளை மட்டும் மாற்றினால் இன்னோர் இரவிலும் அதே சீட்டுத் தவறும். ஏற்பாட்டையே மாற்றினால்தான் தொழிலாளி வீடு திரும்புவான்.