இறந்தோர் பெயரில் புழங்கிய காசு: இடைக்காலப் பிரான்சின் நிலமானிய நாணயங்கள்

நாணயத்தில் பொறிக்கப்பட்ட பெயர், அதனை வெளியிட்டவரின் பெயர் எனக் கொள்வது வழக்கம். பிரெஞ்சு நிலமானியக் காசுகள் பலவற்றிற்கு இவ்வழக்கம் பொருந்தாது.

864ஆம் ஆண்டின் பீத்ர் ஆணையில், வழுக்கையர் எனப்பட்ட மன்னர் சார்லஸ், அரண்மனை நீங்கலாக ஒன்பது ஊர்களில் மட்டுமே அக்கசாலைகள் இயங்கலாம் என வரையறுத்தார். நடைமுறையில் அவ்வரம்பு நிலைக்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் காசடிக்கும் உரிமை கவுன்ட்டுகள், ஆயர்கள், மடங்கள் ஆகியோரின் கைக்குச் சென்றது.

உரிமை கைமாறியபோதும் பெயர் மாறவில்லை என்பதே கருதத்தக்கது. வெள்ளிச் சுரங்கங்களால் புகழ்பெற்ற மெல் நகரின் தெனியே காசுகள், போய்த்தூ கவுன்ட்டுகளின் ஆட்சியிலும் சார்லஸ் பெயரையே தாங்கின. எழுத்துகள் சிதைந்தன, வெள்ளியின் அளவும் குறைந்தது. லெ மான் நகரிலோ, 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த கவுன்ட் எர்பேரின் பெயர்க்கூட்டெழுத்து 13ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது. அக்காசு ஒன்று ஆஞ்சூ காசு இரண்டிற்கு ஈடாக மதிக்கப்பட்டது.

இதனை ஆட்சியாளரின் வலுவின்மை எனக் கொள்வது பொருந்தாது. அவர்கள் நாடியது புகழையன்று, காசடிப்பின் வருவாயை. அவ்வருவாய்க்கு மக்கள் அறிந்த வடிவமே காப்பு. காசின் தரம் மாறாதிருத்தலை மக்கள் எவ்வளவு வேண்டினர் என்பதற்கு நார்மண்டி சான்றாகும். அங்குக் கோமகன் காசை மாற்றாதிருப்பதற்காக, மூன்றாண்டுக்கு ஒருமுறை அடுப்புக்கு 12 தெனியே வரியாகச் செலுத்தப்பட்டது. எனவே, இக்காசுகளைப் பெயரைக் கொண்டு மட்டும் காலங்கணித்தல் பிழைக்கே வழிவகுக்கும். எடை, வெள்ளியின் அளவு, எழுத்தமைதி, புதையலில் உடன்கிடைத்த காசுகள் ஆகியவற்றையே முதற்சான்றாகக் கொள்ளல் வேண்டும்.

1262இல் ஒன்பதாம் லூயி, அரசரின் காசு நாடெங்கும் செல்லும், பிரபுக்களின் காசு அவரவர் நிலத்தில் மட்டுமே செல்லும் என ஆணையிட்டார். எனினும், அரசும் பழைய வடிவத்தை விட்டுவிடவில்லை. தூர் நகரைக் கைப்பற்றிய பிலிப் அகுஸ்துசு, அங்கிருந்த புனித மார்த்தேன் மடத்தின் காசு வடிவத்தையே தம்முடையதாக ஏற்றிருந்தார். 1266இல் 12 தெனியே மதிப்பில் லூயி வெளியிட்ட பெரிய வெள்ளிக்காசான குரோ தூர்னுவாவிலும், லில்லி மலர்கள் சூழ, தூர் காசின் அக்கோட்டை வடிவமே இடம்பெற்றது.