எண்களுக்கு உருவம் கொடுத்த வியன்னா

மக்கள் எந்தச் சவர்க்காரத்தை நம்புகிறார்கள், எந்தக் கைப்பேசியை விரும்புகிறார்கள் என்று ஆண்டுதோறும் ஆய்வறிக்கைகள் வருவதைப் பார்த்திருப்பீங்க. அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை ஒரே நிறம், ஒரே எழுத்துரு, ஒரே மாதிரிக் குறியீடுகள். அடுத்த ஆண்டு அறிக்கையையும் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். "இது டிசைனர் வேலைதானே சார், இதில் வரலாறு எங்கே வந்தது?" என்று மாணவர்கள் கேட்பாங்க. கேட்கட்டும். அவர்களை 1925ஆம் ஆண்டு வியன்னாவுக்கு அழைத்துப் போங்க.

முதல் உலகப் போருக்குப் பின் அந்நகராட்சி சமூக ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. தொழிலாளர்களுக்கு வீடு கட்டினார்கள், சுகாதாரத் திட்டங்கள் கொண்டு வந்தார்கள். இதையெல்லாம் மக்களுக்கு எப்படி விளக்குவது? நாள் முழுக்க உழைத்துவிட்டு வருபவரிடம் புள்ளிவிவர அட்டவணையை நீட்டினால் படிப்பாரா? பொருளியலாளரும் தத்துவ அறிஞருமான ஓட்டோ நொய்ராத் இதற்காகவே சமூக, பொருளாதார அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கினார்.

அவர் வைத்த விதி ஒன்றுதான்: எண்ணிக்கை கூடினால் படத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே அளவுப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஏன் என்று கரும்பலகையில் வரைந்தே காட்டலாம். ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனித உருவம் வரையுங்க. இரண்டு லட்சத்துக்கு அதே உருவத்தை இரண்டு மடங்கு உயரமாக்குங்க. அகலமும் கூடவே இரண்டு மடங்காகும், பரப்பு நான்கு மடங்காகிவிடும். எண் பொய் சொல்லவில்லை, படம் சொல்லிவிட்டது! இன்றைய விளம்பரங்களிலும் இந்தத் தந்திரம் உண்டு. ஒரு வகுப்பு தேடினால் ஒரு வாரத்தில் பிடித்துவிடும்.

அந்தக் குழுவில் என்னை அதிகம் கவர்ந்தவர் மரீ ரைட்மைஸ்டர். புள்ளிவிவர நிபுணர் தரும் எண்களில் எது முக்கியம், எதை விடலாம், எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று முடிவு செய்து, ஓவியர் வரைவதற்கு முன் மாதிரி போட்டுக் கொடுப்பது அவர் வேலை. அதற்கு 'உருமாற்றுநர்' என்பது போலப் பெயரே வைத்திருந்தார்கள். யோசித்துப் பார்த்தால் ஆசிரியர்களாகிய நாம் தினமும் செய்வதும் அதுதானே?

1929இல் ஜெர்மன் அச்சுக்கலைஞர் கெர்ட் ஆர்ன்ஸ் வியன்னா வந்து சேர்ந்தார். லினோலியத்தில் செதுக்கி அச்சிட்ட அவருடைய குறியீடுகளில் வீண் கோடு ஒன்றுகூட இருக்காது. வேலையில்லாதவர் என்றால், கைகளைச் சட்டைப்பையில் விட்டு நிற்கும் ஒரு மனிதன். அவ்வளவுதான். 1930இல் இக்குழு வெளியிட்ட சமூக, பொருளாதாரப் படத்தொகுப்பில் இத்தகைய 100 படத்தாள்கள் இருந்தன. எழுத்துக்கு அலங்காரமில்லாத ஃபியூச்சுரா எழுத்துரு. எந்தத் தாளைத் தனியே எடுத்தாலும் யார் வேலை என்று தெரிந்துவிடும்.

1934 பிப்ரவரியில் ஆஸ்திரியாவில் உள்நாட்டுச் சண்டை. சமூக ஜனநாயகக் கட்சி தடை செய்யப்பட்டது, அருங்காட்சியகப் பணியும் நின்றது. அப்போது மாஸ்கோவில் இருந்த நொய்ராத் வியன்னா திரும்பவே இல்லை. குழு நெதர்லாந்தின் ஹேக் நகரில் மீண்டும் கூடியது. இந்த முறைக்கு 'ஐசோடைப்' என்ற பெயர் அங்கேதான் வந்தது. 1940இல் நாஜிப்படை அங்கேயும் வந்தது. நொய்ராத்தும் மரீயும் நெரிசலான ஒரு படகில் கடலைக் கடந்து இங்கிலாந்து சேர்ந்தார்கள். அங்கே எதிரி நாட்டவர் என்று சிறை வைக்கப்பட்டார்கள். விடுதலையான பின் திருமணம் செய்துகொண்டு, 1942இல் ஆக்ஸ்ஃபர்டில் ஐசோடைப் நிலையம் தொடங்கினார்கள். ஆர்ன்ஸ் ஹேக்கிலேயே தங்கிவிட்டார்.

தேர்வு எழுதும் மாணவர்களே, ஒரு படத்தை ஆதாரமாகக் கொடுத்துக் கேள்வி வந்தால் "படத்தில் என்ன இருக்கிறது" என்பதோடு நிறுத்திவிடாதீங்க. யார், யாருக்காக வரைந்தார்? எதை விட்டுவிட்டார்? இதையும் எழுதுங்க.

1945இல் நொய்ராத் இறந்தார். மரீ நிறுத்தவில்லை. 1950களில் மேற்கு நைஜீரிய அரசுக்குப் பிரசுரங்கள் தயாரித்தார். ஐரோப்பாவில் வரைந்த குறியீடுகள் அந்த ஊர் மக்களுக்குப் பொருந்தவில்லை என்று கண்டதும், அவர்களுடைய வீடும் உடையும் தெரியும்படி மாற்றி வரையச் செய்தார். அவர் காத்து வைத்த ஐசோடைப் தொகுப்பு இன்று இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.